ஆட்டிசத்தை யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆட்டிசம் (பிறந்ததிலிருந்தே மூளை வேலை செய்யும் விதம் மாறுபடுவது) இருப்பது உறுதியான பெரியவர்களும், பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளும் கேட்பது ஒன்றுதான்: வெளியே சொல்லலாமா, வேண்டாமா? இப்படி இரண்டில் ஒன்றாகக் கேட்டால் விடை கிடைக்காது. நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. யாரிடமும் சொல்லாமல் சமாளிப்பது, ஆட்டிசம் என்ற பெயரை எடுக்காமல் தேவையை மட்டும் சொல்வது, பொறுக்கியெடுத்த சிலரிடம் பெயரோடு சொல்வது, அரசுக் காகிதத்தில் பதிந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது, ஊரறியச் சொல்லிவிடுவது. ஒரே ஆள் ஒரே நாளில் இவற்றில் மூன்றைக் கையாள்வது சகஜம்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஓசூரில் வாடகைக்கு இருந்துகொண்டு சிப்காட்டுக்குப் போகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அங்கே ஒருவரிடம் சொன்னது அவரோடு நின்றுவிடும். அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் அப்படியில்லை. டீக்கடையில் சொன்னது மறுநாள் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து தங்கையைப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்கும். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் குறைவாகத் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டிக்கொண்டு போவதே எங்கள் பரிந்துரை. விதிவிலக்குகளும் உண்டு. கல்யாணம் அதில் முதலாவது.

சொல்லாமல் சமாளிப்பது

சொல்லாமல் இருந்தால் செலவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து வழிகளில் செலவு அதிகம் வைப்பது இதுதான். பேசுகிறவர் கண்ணைப் பார்ப்பது, எங்கே சிரிக்க வேண்டுமென்று அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பது, ஆடத் துடிக்கும் கையை மடியில் அழுத்திக்கொள்வது, கேன்டீன் இரைச்சலில் சாப்பிட்டு முடிப்பது என்று நாள் முழுக்கக் கவனத்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். இந்த மறைப்பை அளக்க 25 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை பிரிட்டன் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். அதில் மதிப்பெண் கூடக்கூடப் பதற்றமும் மனச்சோர்வும் கூடியிருந்தன.

எப்போது இந்த வழி தோற்கிறது என்பதை உடம்பே காட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் பேச்சு வராமல் போவது, லீவு நாள் முழுவதும் படுக்கையிலேயே கழிவது, முன்பு சுலபமாகச் செய்த சமையலோ வண்டி ஓட்டுவதோ கைக்கு வராமல் போவது. இவை சில வாரங்கள் விடாமல் தொடர்ந்தால், அந்த இடத்தில் யாரிடமாவது எதையாவது சொல்லியே ஆகவேண்டும். சில மணி நேர விஷயங்களுக்கு மறைப்பு பரவாயில்லை: தாலுகா ஆபீஸ் கவுன்டர், வீடு பார்க்கப் போவது, ஒரு நாள் விசேஷம்.

மறைப்பவர்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் சாக்கு தலைவலி. காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைக் கூட்டத்திலிருந்து வெளியேற அது ஒருமுறை உதவும். எருது விடும் விழாவில் இரண்டாம் முறை. மூன்றாவதாக மாமன் வீட்டுக் கல்யாண மேளத்திலும் தலைவலி என்றால் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போவார்கள், இல்லாவிட்டால் மந்திரிக்க. “சத்தம் எனக்கு ஒத்துக்காது, அரை மணி நேரம் வெளிய நின்னுட்டு வர்றேன்” என்பது பொய்யும் இல்லை, அடுத்த வருஷமும் செல்லும்.

தேவையை மட்டும் சொல்வது

அன்றாடத்தில் பத்துக்கு எட்டு இடங்களுக்கு இதுவே போதும் என்பது எங்கள் கணிப்பு. கேட்பவருக்கு ஆட்டிசம் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பலம். சொல்லும் பேச்சில் மூன்று துண்டுகள் இருக்க வேண்டும்: எது எனக்கு ஆகாது, நீங்கள் என்ன செய்தால் போதும், அதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்.

வேலையிடத்தில் இப்படி: “அண்ணா, ரெண்டு பேரு ஒரே நேரத்துல சொன்னா எனக்குப் பிடிபடாது. வேலையை வாட்ஸ்அப்புல போட்டுடுங்க. ஒண்ணு விடாம முடிச்சுத் தர்றேன்.”

உறவு வீட்டில் சாப்பாடுதான் பெரிய கண்டம். கேழ்வரகுக் களியின் வழவழப்பு தொண்டையில் இறங்காதவர்கள் நம்மில் நிறைய. களியை வேண்டாமென்பது இந்தப் பக்கத்தில் ஆளையே வேண்டாமென்பதாகப் படும். அதனால் மூன்றாவது துண்டை விடக்கூடாது: “அத்தை, களி எனக்கு தொண்டையில இறங்காது, சின்னதுலருந்தே அப்படித்தான். சோறு போடுங்க, உங்க குழம்புக்கு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுறேன்.”

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் நேரத்தால். உடைந்துபோய் அழுத பிறகோ கத்திய பிறகோ சொன்னால் அது சாக்குச் சொல்வதாகத்தான் கேட்கும். நிதானமாக இருக்கும் வேறொரு நாளில் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் இரண்டு கோரிக்கைக்கு மேல் வைத்தால் முதலாவதும் மறந்துபோகும். பத்துப் பேர் முன்னால் கேட்டால், கொடுக்க நினைப்பவரும் மற்றவர்களுக்காக மறுப்பார்.

இந்த வழிக்கு எல்லை ஒன்று உண்டு. ஒரே ஆளிடம் ஆறு மாதத்துக்குள் சத்தம், வெளிச்சம், ஷிப்ட், போன் பேச்சு, சாப்பாடு என்று தனித்தனியாக ஐந்து கோரிக்கைகள் போய்விட்டால், “இவனுக்கு எல்லாமே பிரச்சினைதான்” என்ற பேச்சு கிளம்பும். ஐந்தையும் ஒரு காரணத்தில் கட்ட ஒரு பெயர் வேண்டியிருக்கும். பெயர் சொல்லும் கட்டத்துக்குப் போக வேண்டிய நேரம் அதுதான்.

சிலரிடம் பெயரோடு சொல்வது

டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நோவா சாசன் குழு செய்த இரண்டு ஆய்வுகள் இங்கே நேரடியாக உதவும். 2017-ல் வந்த முதலாவதில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடி வீடியோவையும் குரலையும் கேட்ட பொதுவானவர்கள் அவர்களோடு பழக அவ்வளவாக விரும்பவில்லை. அதே பேச்சை எழுத்தாக மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வெறுப்பு காணாமல் போனது. 2019-ல் வந்த இரண்டாவதில், பேசுகிறவருக்கு ஆட்டிசம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டபோது அபிப்பிராயம் மேம்பட்டது. கேட்பவருக்கு ஆட்டிசம் பற்றி ஏற்கெனவே எவ்வளவு தெரியுமோ அவ்வளவு நல்லது நடந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலில் எழுத்தில் சொல்லுங்கள். நேரில் திணறிச் சொல்வதைவிட ஐந்தாறு வரி வாட்ஸ்அப் செய்தி நல்லது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். இரண்டாவது, ஆட்டிசம் என்றால் பேச்சு வராத குழந்தை என்று மட்டும் அறிந்தவரிடம் வெறும் பெயரைச் சொன்னால் பலன் குறைவு. அவரிடம் பெயருக்கு முன் விளக்கம் போக வேண்டும்: “எனக்கு சத்தம், திடீர் மாற்றம் எல்லாம் மத்தவங்களைவிட அதிகமாத் தாக்கும். பொறந்ததுலருந்தே மூளை வேலை செய்யற விதம் அப்படி. டாக்டர் அதுக்கு ஆட்டிசம்னு பேர் சொன்னாங்க. இது உங்களோட இருக்கட்டும்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ரகசியம் என்று சொல்லாத எதையும் ரகசியமாக வைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றாது.

ஆளைப் பொறுக்குவதற்கு ஒரு சோதனை: ஆட்டிசம் பற்றிய செய்தி ஒன்றை, உங்களைச் சம்பந்தப்படுத்தாமல், அவரிடம் எடுத்துப் பாருங்கள். “பாவம்” என்றோ “பெத்தவங்க செஞ்ச வினை” என்றோ வந்தால் தள்ளிப் போடுங்கள். கேள்வி கேட்டால் அவரிடம் சொல்லலாம்.

வரக்கூடிய பதில்களும் நமக்குத் தெரிந்தவைதான். “பார்த்தா அப்படித் தெரியலையே” என்பதைப் பாராட்டாக நினைத்துத்தான் சொல்வார்கள். “தெரியாம இருக்க நெறைய மெனக்கெடுறேன்” என்பது போதும். வைத்தியம் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. மூலிகைப் பொடியில் தொடங்கி லட்சக்கணக்கில் ஸ்டெம் செல் ஊசி வரை வருவார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது, பிரசவம் ஆகியவற்றுக்கு முன் டாக்டரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் பெயரையே சொல்லிவிடுங்கள். வலியை வெளிக்காட்டும் விதம் மாறுபடுவதால் சொல்லாமல் விட்டால் ஆபத்து.

வேலை: சூப்பர்வைசரா, எச்.ஆரா?

ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. இரண்டும் வேறு வேறு வேலை செய்யும்.

சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொன்னால் மறுநாளே பலன் தெரியும். காதடைப்பான் எப்படியும் பாதுகாப்புச் சாமானாகக் கொடுக்கிறார்கள். அதைக் கேன்டீனிலும் போட்டுக்கொள்ள அனுமதி, வரிசையின் ஓரத்து இடம், வேலைக் குறிப்பை எழுதித் தருவது, ஷிப்ட் மாற்றத்தை ஒரு வாரம் முன்பே சொல்வது. இவை எதற்கும் காசு ஆகாது. ஏ, பி, சி என்று வாரம் மாறும் ஷிப்ட்தான் நம்மில் பலரை உடைக்கிறது. தூக்கம் ஏற்கெனவே சிக்கலாக இருப்பவருக்கு நிலையான ஷிப்ட் கிடைத்தால் பாதி சிரமம் குறையும். ஆனால் சூப்பர்வைசர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. எழுத்தில் ஒன்றும் இருக்காது.

எச்.ஆருக்கு எழுத்தில் கொடுத்தால் சட்டம் பின்னால் நிற்கும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். முதலில் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்படியொன்று இல்லையென்றோ, எதற்கென்று தெரியாமலோ எச்.ஆர். விழித்தால் நிலவரம் புரிந்துவிடும். அதே சட்டத்தின்படி நிறுவனம் மாற்றுத்திறனாளி ஊழியர்களின் பெயர், குறைபாட்டின் தன்மை, கொடுத்த வசதிகள் ஆகியவற்றைப் பதிவேட்டில் வைக்க வேண்டும். ஆக, எச்.ஆரிடம் சொல்வது என்றால் பதிவேட்டில் ஏறுவது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆட்டிசம் என்பதற்கு ஒரு வரி, கேட்கும் வசதிகள் அதிகபட்சம் மூன்று, இந்தத் தகவல் யார் யாருக்குப் போகலாம் என்று ஒரு வரி, தேதி. மின்னஞ்சலில் அனுப்பி நகலைச் சொந்த முகவரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் நகல் மட்டும் கொடுங்கள். உளவியலாளர் எழுதிய முழு மதிப்பீட்டு அறிக்கையைக் கொடுக்காதீர்கள். அதில் உங்கள் குழந்தைப் பருவம், அறிவுத்திறன் எண், குடும்ப விவரம் எல்லாம் இருக்கும், எச்.ஆருக்கு அது எதுவும் வேண்டியதில்லை.

கான்ட்ராக்ட் ஆளாக ஏஜென்சி மூலம் போகிறவருக்குக் கணக்கு வேறு. நீங்கள் எழுதிக் கொடுப்பது ஏஜென்சிக்குப் போகும், வேலை வாங்குவது கம்பெனி. ஒப்பந்தம் முடியும்போது காரணம் சொல்லாமல் புதுப்பிக்காமல் விட்டுவிட முடியும். நிரந்தரம் ஆகும் வரை தேவையை மட்டும் சொல்வதே மேல். சேரும்போது தரும் படிவத்தில் குறைபாடு உண்டா என்ற கேள்வி இருந்தால் மட்டும் “இல்லை” என்று எழுதாதீர்கள். பிறகு பொய்த் தகவல் என்று அதையே உங்கள்மேல் வைப்பார்கள்.

காகிதத்தில் மட்டும்

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டையை வாங்குவதும் வெளியே சொல்வதும் ஒன்றல்ல. அட்டை பீரோவில் இருக்கலாம். மதிப்பீட்டுக்கு அரசு மருத்துவமனைகளில் பயன்படுத்தும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. நன்றாகப் பேசி, வேலைக்குப் போகும் பெரியவர்கள் இங்கே சறுக்குவது, மதிப்பீட்டு நாளிலும் பழக்கதோஷத்தில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான். சிறுவயது முதல் பார்த்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். எழுதிய பட்டியலோடு போங்கள்.

குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் மஞ்சள், 80 முதல் நீலம். அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் வேலையிடத்தில் நியாயமான வசதி கேட்கும் உரிமைக்கு 40 என்ற வரம்பு கிடையாது. வெள்ளை அட்டை வந்ததென்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அட்டை நம்மை அறியாமல் பேசிவிடும் இடங்கள் சில. டவுன் பஸ் சலுகைக்கு அட்டையை நீட்டினால் குறைபாட்டின் வகை அதிலேயே அச்சாகியிருக்கும், சில கண்டக்டர்கள் உரக்கப் படிப்பார்கள். உள்ளூர்த் தடத்தில் அது வேண்டாமென்றால் டிக்கெட் எடுத்துவிடுங்கள். வருமான வரியில், பழைய முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு 40 சதவீதம் முதல் 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. அதைக் கம்பெனி அக்கவுன்ட்ஸில் அறிவித்தால் அங்கே தெரிந்துவிடும். அறிவிக்காமல் விட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது நேரடியாகக் கோரிக்கொள்ளலாம். பணம் சில மாதம் கழித்து வரும், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஆட்டிசம் என்று சொல்லும்படி நீங்களே அச்சிட்டுச் சட்டைப்பையில் வைக்கும் விளக்க அட்டையும் காகித வகைதான். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டித் தினமும் பெங்களூரு போகிறவர்கள் ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் கன்னடத்திலும் அச்சிடுங்கள். நான்கு வரி, ஒரு போன் நம்பர். போலீஸ் சோதனையில் பைக்குள் சட்டென்று கையை விடாதீர்கள். “பையில ஒரு அட்டை இருக்கு, எடுக்கறேன் சார்” என்று சொல்லிவிட்டு எடுங்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்று காட்டும் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டை பெங்களூரு விமான நிலையத்தில் எடுபடும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அதன் பொருள் யாருக்கும் தெரியாது.

கல்யாணப் பேச்சில்

இங்கே மறைப்பது மட்டும் வேண்டாம். தரகரிடம் சொல்வதும் வேண்டாம். ஜாதகத்தோடு சேர்ந்து பத்து வீட்டுக்குப் போய்விடும். பெண் பார்த்து இரு பக்கமும் பிடித்துப்போன பிறகு, நிச்சயத்துக்கு முன், பெரியவர்கள் வழியாக அல்லாமல் மணக்கப்போகிறவரிடமே நேராகச் சொல்வது சரியான இடம். அதற்கு முன் சொன்னால் ஆளைப் பார்க்காமலே வார்த்தையைப் பார்த்து விலகுவார்கள். நிச்சயத்துக்குப் பிறகு சொன்னால் ஏமாற்றியதாக ஆகும். இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு, முக்கியமான தகவலை மறைத்து வஞ்சித்துச் சம்மதம் வாங்கியிருந்தால், அது தெரியவந்த ஓர் ஆண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கோர வழி தருகிறது. ஆட்டிசம் அப்படியொரு தகவலா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். அந்த வழக்கில் நிற்பதே கொடுமை.

பிள்ளைக்கு வருமா என்று கட்டாயம் கேட்பார்கள். சொந்தத்தில் கொள்வினை கொடுப்பினை நடக்கும் குடும்பங்களில் இன்னும் அழுத்தமாகக் கேட்பார்கள். வராது என்று அடித்துச் சொல்லாதீர்கள். மரபின் பங்கு பெரியது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பின் பிறக்கும் தம்பி தங்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வர வாய்ப்பு உண்டு, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே நேர்மையான பதில்.

ஊரறியச் சொல்வது

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கணக்கு வைக்கும் பாரம் இறங்கிவிடும். அதே நிலையில் உள்ள மற்றவர்கள் தேடி வருவார்கள். இதுவரை யாரிடமும் சொல்லாத இரண்டு பேராவது ஒரே தாலுகாவில் கிளம்புவார்கள். இதற்கு ஈடான லாபம் மற்ற நான்கு வழிகளில் இல்லை.

ஆனால் சொந்தத் தொழிலோ நிரந்தர வேலையோ, பக்கபலமான வீடோ இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். தனியாக இருக்கும் பெண்கள் இன்னும் யோசிக்க வேண்டும். பேச்சை அப்படியே நம்புகிறவர் என்று தெரிந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆள் இருக்கிறது. நிலம் பங்கு பிரிக்காத குடும்பங்களில், “அவனுக்குப் புத்தி சரியில்லை, கையெழுத்து செல்லாது” என்று பங்காளிகள் கிளப்புவதுண்டு. ஆட்டிசம் இருப்பதால் கையெழுத்து செல்லாமல் போகாது. 2016 சட்டத்தின் 13-வது பிரிவு சொத்து வைத்துக்கொள்ளவும் வாரிசாகப் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை தருகிறது. பாகப்பிரிவினை நிலுவையில் இருந்தால், பத்திரம் பதிந்த பிறகு ஊருக்குச் சொல்லுங்கள். தங்கைக்கு வரன் பார்க்கும் சமயம் என்றால் வீட்டில் பேசி, எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வதென்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவளுடைய வாழ்க்கையும் அதில் இருப்பதால் அவளையும் கேட்டுத்தான்.

சிறுவயதிலேயே கண்டறியப்பட்டு, பெற்றோர் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டவர்களுக்கு உள்ளூரில் மறைக்க எதுவும் மிச்சமில்லை. தப்பாகப் பரவியதைத் திருத்துவது மட்டுமே அங்கே வேலை. புது இடம் வேறு. ஊரை விட்டுக் கல்லூரிக்கோ ஓசூருக்கு வேலைக்கோ போகும்போது ஐந்து வழியும் மறுபடி கைக்கு வருகின்றன. அப்பா ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டு முந்திக்கொள்வதுதான் அதைக் கெடுக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, யாரிடம் எதைச் சொல்லலாம், எதை நீங்கள் சொல்லும் வரை சொல்லக்கூடாது என்று எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.